தீவிர நோய்க் காப்பீட்டுத் தொகை மறுக்கப்பட்டால் முறையிடுவது எப்படி?

தீவிர நோய்க் காப்பீடு, மருத்துவமனைக் கட்டணத்தை ஈடுசெய்யும் மெடிக்ளைம் போன்றதன்று. பாலிசியில் குறிப்பிட்ட நோய், அதில் வரையறுத்த தீவிரத்தோடு வந்திருப்பது உறுதியானால், செலவு எவ்வளவு என்று பாராமல் காப்பீட்டுத் தொகையை மொத்தமாகத் தருவது அது. ஆகவே, மறுப்பை எதிர்ப்பவர் ஆஸ்பத்திரி பில்களை அடுக்குவதால் பயனில்லை. மறுப்புக்குச் சொல்லப்பட்ட காரணத்தை முறியடிக்க வேண்டும்.

அந்தக் காரணம் எழுத்தில் இருக்க வேண்டும். கால் சென்டரில் சொன்னதையோ குறுஞ்செய்தியையோ ஏற்றுக்கொண்டு விட்டுவிடாதீர்கள். பாலிசியின் எந்த விதியின்படி மறுக்கிறோம் என்பதைக் காப்பீட்டு நிறுவனம் தெரிவித்தாக வேண்டும். இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024இல் வெளியிட்ட விதிகளின்படி, நிறுவனத்தின் கோரிக்கை மறுஆய்வுக் குழு ஒப்புதல் தராமல் எந்த மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கையையும் நிராகரிக்கக் கூடாது. நிராகரிப்புக் கடிதத்தில் இல்லாத புதிய காரணத்தைப் பின்னர் கிளப்ப முடியாது என்று சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதால், அந்தக் கடிதமே உங்கள் வழக்கின் எல்லை.

'நோய் வரையறைக்குள் வரவில்லை' என்பது காரணமானால், பாலிசியில் அந்த நோயின் வரையறை உள்ள பக்கத்தை எடுத்து வரிவரியாகப் படியுங்கள். மாரடைப்புக்கு உரிய அறிகுறிகள், ஈசிஜியில் புதிய மாற்றம், இரத்தத்தில் டிராபோனின் போன்ற, இதயத்தசைப் பாதிப்பைக் காட்டும் குறியீடுகளின் உயர்வு ஆகிய மூன்றுக்கும் சான்று கேட்பது வழக்கம். பக்கவாதத்தில், நிரந்தர நரம்பியல் பாதிப்பு குறைந்தது 3 மாதம் நீடித்ததற்கான ஆதாரம் தேவை. முதல் மாதத்திலேயே விண்ணப்பித்து மறுக்கப்பட்டவர்கள், 3 மாதம் கடந்தபின் நரம்பியல் மருத்துவரின் புதிய அறிக்கையோடு மறுபரிசீலனை கோரலாம். திறந்த மார்பு பைபாஸ் அறுவைக்கான வரையறையில் ஆஞ்சியோபிளாஸ்டி அடங்காது. தொடக்க நிலையிலேயே ஓரிடத்தில் அடங்கியிருக்கும் சில புற்றுநோய்களும் விலக்கப்பட்டிருக்கும். அத்தகைய மறுப்பு சரியானதாகவே இருக்கக்கூடும் என்பதை வருத்தத்தோடு சொல்லத்தான் வேண்டும். மற்றபடி, அந்தப் பக்கத்தின் நகலைச் சிகிச்சையளித்த மருத்துவரிடம் கொடுத்து, ஒவ்வொரு நிபந்தனைக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி வாங்குங்கள். 'இதய நோய்க்குச் சிகிச்சை பெறுகிறார்' என்ற ஒற்றை வரிச் சான்றிதழால் எதுவும் நகராது.

'முன்பே இருந்த நோயை மறைத்தீர்கள்' என்பது காரணமானால், பாலிசி எடுக்கும்போது நிரப்பிய முன்மொழிவுப் படிவத்தின் நகலை வாங்கி, நீங்கள் சொன்னதும் முகவர் எழுதியதும் ஒன்றுதானா என்று பாருங்கள். படிவத்தில் தெரிவித்திருந்த நோயையே காரணம் காட்டிப் பின்னர் மறுக்க இயலாது என்பது மன்மோகன் நந்தா வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'பத்து ஆண்டுகளாக நீரிழிவு' என்று தவறாகப் பதிவாகியிருந்தால், பழைய பரிசோதனை முடிவுகளைக் காட்டி மருத்துவமனையிடமே திருத்தக் கடிதம் பெறுங்கள். பாலிசியின் வயதும் முக்கியம். மருத்துவக் காப்பீட்டில் தொடர்ந்து 60 மாதங்கள் கடந்துவிட்டால், மோசடி நிரூபிக்கப்பட்டாலொழிய மறைத்ததாகச் சொல்லி மறுக்க முடியாது. ஆயுள் காப்பீட்டோடு ரைடராக, அதாவது கூடுதல் இணைப்பாக, எடுத்திருந்தால், காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு 3 ஆண்டுகளுக்குப் பின் இதைவிட வலுவான பாதுகாப்பைத் தருகிறது. காலாவதியாகி மீண்டும் உயிர்ப்பித்த பாலிசியானால் அந்த 3 ஆண்டுகள் உயிர்ப்பித்த நாளிலிருந்து எண்ணப்படும்.

ஆதாரங்கள் சேர்ந்ததும் முதல் மனு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்குச் செல்ல வேண்டும். அனுப்பியதற்கான ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலும் புகாரைப் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பளிக்கும் காப்பீட்டு ஆம்புட்ஸ்மனை அணுகலாம். தமிழ்நாட்டுக்கு உரிய அலுவலகம் சென்னையில் உள்ளது. 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டுக்குக் கட்டணமின்றி முறையிடலாம், வழக்கறிஞர் தேவையில்லை. தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்; அதை 30 நாட்களுக்குள் நிறைவேற்ற வேண்டும்.

தீர்ப்பு பாதகமாக வந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்றாலும், அதற்கான 2 ஆண்டுக் கெடு ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் ஆம்புட்ஸ்மனிடம் தாமதமின்றிச் செல்லுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருக்கும்போது ஆம்புட்ஸ்மன் அதே புகாரை ஏற்கமாட்டார். ஆகவே இந்த வரிசையை மாற்றாதீர்கள். எங்கு முறையிட்டாலும், காப்பீட்டுத் தொகையோடு, அது தரப்பட்டிருக்க வேண்டிய நாளிலிருந்து வட்டியையும் மனுவிலேயே கேட்டுவிடுங்கள்.