வேலூருக்குக் கீழே சுரங்கம் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரத்துக்குச் சுரங்கம் போகிறது என்ற கதையைக் கேட்காமல் வேலூரில் யாரும் பள்ளிக்கூடம் முடித்திருக்க முடியாது. ராஜா குடும்பம் தப்பிக்க வெட்டியது என்பார் ஒருவர், உள்ளே புதையல் இருக்கிறது என்பார் இன்னொருவர். இப்போது அந்தக் கதையோடு செல்போன் கேமராவும் சேர்ந்துகொண்டது. பாழுங்கிணறு, மூடி இல்லாத மேன்ஹோல், கானாற்றுப் பாலத்தின் அடி என்று எந்தப் பொந்தைப் பார்த்தாலும் தலையை நுழைத்துப் பார்க்கிற பையன்கள் பெருகிவிட்டார்கள். ஊருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நினைப்பது நல்ல ஆசைதான். இறங்குகிற விதத்தில்தான் ஆபத்து.

முதலில் அந்தக் கதை. கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரம் சுமார் 12 கிலோமீட்டர். அப்படி ஒரு வழி இருந்ததற்கு ஆதாரம் எதுவும் தொல்லியல் துறைக்குக் கிடைக்கவில்லை. துறையை விடுங்கள், கொஞ்சம் யோசித்தாலே போதும். பாலாற்றங்கரை ஓரமாக, தோண்டினால் ஊற்று வருகிற மண்ணில், பம்பு இல்லாத 16-ம் நூற்றாண்டில் 12 கிலோமீட்டர் வெட்டி, அதைத் தண்ணீர் நிரம்பாமல் எப்படி வைத்திருப்பார்கள்? நடக்கிறவர் மூச்சு விடக் காற்றுக் கிணறுகள் வேண்டுமே, அவற்றில் ஒன்றுகூடவா வழியில் உள்ள வயலில் தட்டுப்படவில்லை? 1677-ல் சிவாஜியின் படை இந்தக் கோட்டையை வளைத்துக்கொண்டு ஓராண்டுக்கு மேல் உட்கார்ந்திருந்தது. கடைசியில் உள்ளே இருந்தவர்கள் சரணடைந்தார்கள். சுரங்கம் இருந்திருந்தால் அவ்வளவு காலம் எதற்காக அடைந்து கிடந்தார்கள் என்பது என் கேள்வி.

கதையை ரசியுங்கள், பேரப்பிள்ளைக்கும் சொல்லுங்கள். ஆனால் அதை நம்பிக்கொண்டு, கண்ணில் படுகிற பொந்தையெல்லாம் அதன் வாசல் என்று நினைக்கக் கூடாது. வேலூருக்குக் கீழே உண்மையில் இருப்பவை வேறு. சூரியகுளத்திலிருந்து கோட்டை அகழிக்குத் தண்ணீர் கொண்டுவந்த நிலத்தடிக் கால்வாய் அதில் ஒன்று. மலையிலிருந்து வரும் ஓடைகள் மேலே கான்கிரீட் போட்டு மூடப்பட்டுத் தெருவுக்கு அடியில் ஓடுகின்றன. பழைய கல் வடிகால், புதிய மழைநீர் வடிகால், பாதாள சாக்கடை எல்லாம் உண்டு. இவை அனைத்தும் தண்ணீர் போவதற்காகக் கட்டியவை. மனிதன் உள்ளே நின்று மூச்சு விடுவான் என்று கட்டியவர் யாரும் கணக்குப் போடவில்லை.

காற்று விஷயத்தில் செய்கிற தவறுகள்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர் போவது பெரும்பாலும் இங்கேதான்.

நாம் சுவாசிக்கிற காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனாலே அந்த இடத்தை ஆபத்தான இடம் என்று தொழில்பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. மூடிக் கிடக்கிற குழியில் குப்பை மக்குவதும் இரும்பு துருப்பிடிப்பதும் ஆக்சிஜனைத் தின்றுவிடும். அது குறைவதை உடம்பு முன்கூட்டிக் காட்டிக்கொடுக்காது. மூச்சுத் திணறல் வந்தால் மேலே ஏறிக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். திணறல் வருவதற்குள் கால் துவண்டு, புத்தி மங்கி, ஏணி எந்தப் பக்கம் என்பதே தெரியாமல் போய்விடும்.

அடுத்தது ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிற வாயு. ‘முதலில் நாறுச்சு, அப்புறம் பழகிடுச்சு’ என்று ஒருவன் சொன்னால் உடனே அவனை மேலே இழுத்துவிட வேண்டும். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவுக்கு இந்த வாயு சேர்ந்தால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. 500-ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் மயக்கம். 1,000 பக்கம் போனால் ஓரிரு மூச்சிலேயே ஆள் விழுந்துவிடுவான். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் அடியில் தேங்கி நிற்கும். சேற்றுக்குள்ளும் அடைந்து கிடக்கும். உள்ளே போய்க் காலால் கலக்கியதும்தான் கிளம்பும். வாசலில் நின்று ஐந்து நிமிடம் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை என்பது அதனால்தான் அத்தாட்சி ஆகாது.

வட ஆற்காட்டுக்காரர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் தோல் பதனிடும் ஊர்கள். தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுவார்கள். அந்தக் கழிவோடு அமிலக் கழிவு எங்காவது கலந்தால் மேலே சொன்ன அதே வாயு குபுக்கென்று கிளம்பும். தொழிற்சாலைப் பக்கத்து வாய்க்கால் குழாய்க்குள் வீடியோ எடுக்கப் போகிறவர்களுக்கு இது தெரிகிறதா என்பது சந்தேகம்.

கிணற்றில் இறங்குமுன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது நம் பக்கத்துப் பழைய வழக்கம். அதைச் சாக்கடைக்கும் செய்து பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். சுடர் அணைய ஆக்சிஜன் சுமார் 16 சதவீதத்துக்கு இறங்க வேண்டும், அதற்குள் மனிதன் தள்ளாட ஆரம்பித்திருப்பான். ஹைட்ரஜன் சல்பைடு இருப்பதைச் சுடர் சொல்லவே சொல்லாது. மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் அந்தச் சுடரே வெடிக்குத் திரி ஆகிவிடும். பீடி பற்றவைப்பதும் அப்படித்தான். கொரோனா காலத்து மாஸ்க் தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. இந்த வாயுக்களை அளக்கவென்றே கருவி இருக்கிறது. அது இல்லாமல் இறங்கத் தகுந்த குழி என்று ஒன்று கிடையாது.

எல்லாவற்றிலும் கொடுமையான தவறு, விழுந்தவனைத் தூக்க இன்னொருவன் குதிப்பது. அமெரிக்கத் தொழில்பாதுகாப்பு நிறுவனமான நயோஷ் 1986-ல் வெளியிட்ட எச்சரிக்கையில், இப்படி அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்ற இறங்கியவர்கள் என்று இருக்கிறது. செப்டிக் டேங்கில் அண்ணன், பின்னாலேயே தம்பி என்று நம் ஊர்ச் செய்தித்தாளிலும் படிக்கிறோம். நண்பன் விழுந்துவிட்டால் மேலேயே நில்லுங்கள். 101-க்கோ 112-க்கோ கூப்பிட்டு, குழிக்குள் வாயு இருக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், சுவாசக் கருவியோடு வருவார்கள். அவனுக்கு நினைவு இருந்தால் கயிறு போடலாம். அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

பாதுகாப்புக் கருவி கொடுக்காமல் சாக்கடைக்குள் மனிதனை இறக்கி வேலை வாங்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அப்படி இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கூலிக்குக்கூட ஒருவரை அப்படி அனுப்பக் கூடாத இடத்துக்குள் பொழுதுபோக்காக இறங்கி, அதைச் சாகசம் என்று போடுவது எனக்கு ஒப்பவில்லை.

வறண்ட ஊர்தானே என்ற நினைப்பு

ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூரைக் கேலி செய்வார்கள். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குச் சாமி 1981-ல் திரும்பி வந்துவிட்டார். தண்ணீரும் நினைத்தால் வரும். 2021 நவம்பரில் பாலாறு கரை தொட்டு ஓடியபோது, அகழி நிரம்பி அந்தக் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றது. இங்கே மலைகள் ஊரை ஒட்டியே இருக்கின்றன. மலையில் கொட்டுகிற மழை தெருவில் ஒரு தூறல்கூட விழாதபோதே கானாற்றில் இறங்கிவிடும். மூடிய வடிகாலுக்குள் இருப்பவனுக்கு வானமும் தெரியாது, செல்போன் சிக்னலும் கிடைக்காது. கோடையில் போனால் பயமில்லை என்பதும் தப்பு. கத்திரி வெயில் நாட்களில்தான் சாயங்காலம் இடியோடு மழை கொட்டும்.

பாம்பு, தேள் பற்றி எல்லாரும் சொல்வார்கள், நான் சொல்ல வேண்டியதில்லை. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் காலில் சிராய்ப்போடு நடந்தால் எலிக்காய்ச்சல் வரும் என்பதை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

கோட்டைக்குள் அடைத்து வைத்த அறையையோ வழியையோ உடைத்துப் பார்க்கிற எண்ணமும் வேண்டாம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 1958-ம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். புதையல் கிடைத்தாலும் உங்களுக்கு உடனே லாபமில்லை. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள்.

இறங்காமலே தேடலாம், அதில் சுவையும் அதிகம். பிரிட்டிஷ் அதிகாரி காக்ஸ் 1881-ல் எழுதி, இன்னொரு அதிகாரி ஸ்டூவர்ட் 1895-ல் திருத்திய வட ஆற்காடு மாவட்டக் கையேட்டைப் படித்துவிட்டு, பெருமழை விட்ட மறுநாள் அகழியைச் சுற்றி நடந்து பாருங்கள். ஓட்டேரிப் பக்கத்துச் சரிவிலிருந்து பாலாறு வரை எந்தத் தெரு தாழ்வு, எங்கே மேன்ஹோல் மூடிகள் வரிசையாகப் போகின்றன, எந்தக் கடைக்கு அடியில் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வடிகால் வரைபடம் கேட்டு மாநகராட்சிக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய்தான், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்த நடையில் மூடி இல்லாத குழி கண்ணில் பட்டால் வார்டு கவுன்சிலருக்குச் சொல்லிவிடுங்கள். இடத்தைக் குறிப்பிட்டு ரீல்ஸ் மட்டும் போடாதீர்கள், அதைப் பார்த்து நாளைக்கே நாலு பேர் டார்ச்சோடு வந்து நிற்பார்கள்.