அறிவித்தலுக்கு நிறம் தெரிவு செய்யும்போது விடும் பிழைகள்

போன கிழமை அம்மம்மா ஒரு அந்தியேட்டி அறிவித்தலைப் போனில் வைத்துக்கொண்டு, "இது எத்தினையாம் திகதி, தம்பி?" என்று மூன்று தரம் கேட்டா. கண்ணாடி போட்டுத்தான் இருந்தா. நான் வாங்கிப் பார்த்தேன், வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து. பிழை அவவின் கண்ணில் இல்லை.

இப்போது யாழ்ப்பாணத்தில் கோயில் திருவிழா, ரியூசன் நேரம், மரண அறிவித்தல் எல்லாம் படமாக வட்ஸ்அப்பில்தான் ஓடுகின்றன. செய்கிற பிள்ளைகள் வடிவாக இருக்கவேண்டும் என்றுதான் நிறம் தெரிகிறார்கள், வாசிக்க முடியுமா என்று பார்ப்பதில்லை.

வெளிர் சாம்பல்தான் நான் அதிகம் காணும் பிழை. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வெளிச்ச வித்தியாசத்தை விகிதமாக அளக்க முடியும். வெள்ளையில் கறுப்பு என்றால் 21:1. இணையப் பக்கங்களுக்கான சர்வதேச வழிகாட்டி சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 கேட்கிறது, பெரிய எழுத்துக்கு 3:1 போதும். வெள்ளையில் #767676 என்ற சாம்பல் (# போட்டு எழுதுவது கணினியில் நிறத்துக்குக் கொடுக்கும் குறியீடு) மட்டுமட்டாகத் தேறும், #777777 தேறாது, #999999 மூன்றுக்கும் கீழே போய்விடும். #333333 போட்டால் 12ஐத் தாண்டும், கண்ணுக்கும் மென்மையாக இருக்கும்.

தமிழுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் நிறம் மங்கினால் முதலில் காணாமல் போவது புள்ளி. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடவில்லை. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றவர்கள் எது மெய், எது உயிர்மெய் என்று ஊகித்து ஊகித்துத்தான் அந்தச் சுவடிகளிலிருந்த பழைய நூல்களைப் பதிப்பித்தார்கள். தேர்த்திருவிழா நேரம் பார்க்க வந்த ஒருவருக்கு அந்த வேலையை நாங்கள் கொடுக்கக் கூடாது.

அடுத்தது கோயில் நிறங்கள். மஞ்சளும் சிவப்பும் மங்கலமானவை, விடச்சொல்லி நான் சொல்லவில்லை. ஆனால் பளிச்சென்ற சிவப்பில் பளிச்சென்ற மஞ்சள் 3.7 அளவுதான் வரும், ஆகவே தலைப்புக்குச் சரி, கீழே பொடி எழுத்தில் வரும் பூசை நேரங்களுக்குச் சரிவராது. சிவப்பை அரக்கு நிறமாக இருளவிட்டுப் பாருங்கள், அதே மஞ்சள் 10ஐத் தாண்டிவிடும், மங்கலமும் குறையாது. வெள்ளையில் மஞ்சள் எழுத்து மட்டும் எந்த அளவிலும் வேண்டாம். கண்ணுக்கு இரண்டும் வேறு நிறம், வெளிச்சத்தில் கிட்டத்தட்ட ஒன்று.

நீலத்தில் சிவப்பு எழுத்து போடுகிறவர்களுக்கு ஒரு விசயம். நிறங்கள் இரண்டையும் எங்கள் கண் ஒரே தூரத்தில் குவிப்பதில்லை, எழுத்து மிதப்பது போலத் தெரியும், நேரம் போகப்போகக் கண் வலிக்கும். அதோடு படத்தைச் சுருக்கி அனுப்பும்போது வெளிச்ச விவரம் பெரும்பாலும் தங்கிவிடும், நிற விவரம்தான் முதலில் குறைக்கப்படும், அதனால் நிறத்தால் மட்டும் வேறுபடும் எழுத்தின் ஓரம் கலங்கி, நாலு பேர் மாறி மாறி அனுப்பியபின் ஒன்றுமே விளங்காது.

கோபுரப் படத்துக்கு மேலே நேரடியாக எழுதுவதும் வேண்டாம். கோபுரச் சிற்பங்களில் இருளும் வெளிச்சமும் மாறி மாறி வருவதால் எந்த நிற எழுத்தும் எங்கோ ஓரிடத்தில் மறையும். எழுத்துக்குப் பின்னால் ஒரே நிறப் பட்டை ஒன்று வையுங்கள்.

சரி, கறுப்புப் பின்னணி? இரவில் நல்லதுதான். ஆனால் முழுக் கறுப்பில் முழு வெள்ளை, கண்ணில் சிதறல் பார்வை (astigmatism) உள்ளவர்களுக்கு எழுத்தைச் சுற்றி ஒளி கசிவது போலத் தெரியும். #121212 பின்னணியும் சற்று மங்கிய வெள்ளையும் போதும். நீண்ட வாசிப்புக்குப் பலருக்கும் வெளிர் பின்னணியில் இருண்ட எழுத்தே இலகு.

வருகிறவர் பச்சை, வராதவர் சிவப்பு என்று நிறத்தால் மட்டும் பிரிக்கவும் வேண்டாம். இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிற ஆக்கள், முக்கியமாக ஆண்கள், எங்களுக்குள் இருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு சொல் எழுதினால் சரி.

அனுப்ப முன்னம் போனில் நிறத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு வெள்ளையில் ஒருக்கால் பாருங்கள். அப்புறம் மத்தியான வெயிலில் முற்றத்தில் நின்று, கை நீட்டிப் பிடித்து, ஒவ்வொரு 'ம்'முக்கும் 'ல்'லுக்கும் புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள்.