பூச்சிக்கொல்லி எச்சம் அளக்கிறீர்களா? கருவியைத் தொடும் முன்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் நேரே எல்சி-எம்எஸ் கருவிக்கு (கலவையைப் பிரித்து, ஒவ்வொரு பொருளையும் அதன் நிறையை வைத்து அடையாளம் காணும் கருவி) முன்னால் போய் நிற்பார்கள். நான் அவர்களை முதலில் கண்ணாடிச் சாமான் கழுவும் இடத்துக்குத்தான் அனுப்புவேன். தண்ணீரில் நாம் தேடுவது பல சமயம் லிட்டருக்குச் சில நானோகிராம். அந்த அளவில், போன மாதிரியின் மிச்சம்கூட இந்த மாதிரியின் விடையாகிவிடும். அதனால் ஒவ்வொரு தொகுதியோடும் ஒரு வெற்று மாதிரியை, அதாவது தேடும் பொருள் இல்லாத மாதிரியை, முதல் படியிலிருந்தே கூட ஓட்டுங்கள்.

தண்ணீரைப் பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் எடுத்துக் குளிரில் வையுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், டிடிடி போன்ற, கொழுப்பை நாடும் பொருள்கள் அதன் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

மண்தான் பொறுமையைக் கேட்கும். காய்ந்த மண் 10 கிராம் என்றால், முதலில் தண்ணீர் விட்டு ஊறவிடுங்கள். ஊறாத மண்ணிலிருந்து எச்சம் சரியாக வெளியே வராது. அப்புறம் 10 மில்லி அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானைச் சேர்த்து நன்றாகக் குலுக்கி, 4 கிராம் மக்னீசியம் சல்பேட்டும் 1 கிராம் உப்பும் போடுங்கள். 2003-இல் வெளியான கெச்சர்ஸ் (QuEChERS) என்ற பிரித்தெடுக்கும் முறையின் அடிப்படை இதுதான். உப்பு விழுந்த உடனே குலுக்க வேண்டும். தாமதித்தால் அடியில் கல்லாக இறுகிவிடும். குழாய் கையில் சுடும், பயப்பட வேண்டாம்.

சுழற்றிப் பிரித்த கரைசலைச் சுத்தம் செய்யும்போது நிறத்தைப் போக்கக் கரித்தூளை அள்ளிப் போடாதீர்கள். தயாபெண்டசோல், ஹெக்சாகுளோரோபென்சீன் போன்ற தட்டை மூலக்கூறுகளை அது விழுங்கிவிடும். கொஞ்சம் நிறம் மிஞ்சினால் மிஞ்சட்டும் என்பது என் கட்சி.

சிறுநீரில் குளோர்பைரிஃபாஸ் என்ற பூச்சிக்கொல்லியை அப்படியே தேடி உட்காராதீர்கள். உடல் அதைச் சிதைத்துவிடும். டிசிபிஒய் (TCPy) என்ற அதன் சிதைவுப்பொருளைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் பெரும்பகுதி குளுக்குரோனைடாக, அதாவது உடல் ஒட்டிவிட்ட ஒரு சர்க்கரை அமிலத்தோடு, பிணைந்திருக்கும், நொதியால் பிரித்துவிட்டு அளக்க வேண்டும். தசையிலிருந்து சிறுநீரில் ஓரளவு சீராக வந்து சேரும் கிரியேட்டினினையும் சேர்த்து அளந்தால்தான் நீர்த்த சிறுநீரையும் அடர்ந்த சிறுநீரையும் ஒப்பிட முடியும்.

சரி, எடுத்த பொருள் முழுதாகக் கைக்கு வந்ததா? எச்சமில்லாத மாதிரியில் தெரிந்த அளவு பூச்சிக்கொல்லியைக் கலந்து பாருங்கள். பிரித்தெடுக்கும் முன்பே கலக்க வேண்டும். கடைசிக் கரைசலில் கலந்தால் வழியில் போன இழப்பு தெரியாது. 70 முதல் 120 சதவீதம் திரும்பக் கிடைத்தால் நல்லது. கருவி காட்டும் சமிக்ஞையை அளவாக மாற்ற உதவும் அளவுகோல் கரைசல்களையும் வெறும் கரைப்பானில் தயாரிக்காமல், அதே வகை எச்சமில்லா மாதிரிச் சாற்றில் தயாரியுங்கள். மண்ணில் உள்ள மற்ற பொருள்கள் சமிக்ஞையை அமுக்கும், சில சமயம் ஏற்றியும் காட்டும்.

ஒன்றும் தென்படவில்லை என்றால் அறிக்கையில் பூஜ்யம் என்று எழுதாதீர்கள். உங்கள் கண்டறியும் எல்லை (உங்கள் முறையால் காண முடிந்த மிகக் குறைந்த அளவு) எவ்வளவோ, அந்த எண்ணைப் போட்டு, அதற்குக் கீழ் என்று எழுதுங்கள்.