அடுப்படிக்கு அளவெடுக்கும் விதம்

கோயம்புத்தூர்ப் பக்கம் மாடுலர் கிச்சன், அதாவது பெட்டி பெட்டியாகச் செய்து மேடைக்குக் கீழும் சுவரிலும் பொருத்தும் அடுப்படி, செய்து கொடுப்பது என் தொழில். வீட்டுக்காரர்கள் வாட்ஸாப்பில் அனுப்பும் அளவு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "பத்துக்கு எட்டு அண்ணா, எவ்வளவு ஆகும்?" அந்தப் பத்துக்கு எட்டு பில்டர் பிளானில் இருப்பது, அநேகமாகச் செங்கல்லுக்குச் செங்கல். பூச்சும் டைல்ஸும் ஏறினால் இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டு இன்ச் வரை காணாமல் போய்விடும். அதனால் நீங்களே ஒருமுறை அளந்துவிடுங்கள்.

ஐந்து மீட்டர் ஸ்டீல் டேப், ரசமட்டம், பென்சில், தாள், மறுமுனையைப் பிடிக்க ஒரு ஆள் போதும். தையல் டேப் வேண்டாம், அது இழுத்தால் நீளும். ஸ்டீல் டேப்பின் கொக்கி லேசாக ஆடினால் பழுது என்று நினைத்துத் தட்டி இறுக்குகிறவர்கள் உண்டு. அது ஆடத்தான் வேண்டும். உள்ளளவு எடுக்கும்போதும் வெளியளவு எடுக்கும்போதும் கொக்கியின் தடிமனை ஈடுகட்ட அப்படிச் செய்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் எழுதுங்கள். எங்கள் அப்பா அடி, இன்ச், நூல் என்றுதான் பேசுவார். இன்ச்சுக்கு எட்டு நூல், ஒரு நூல் 3 மி.மீ. சொச்சம். அந்தக் கணக்கில் குறை ஒன்றும் இல்லை. ஒரே தாளில் இரண்டு கணக்கும் கலந்தால்தான் வம்பு.

முதலில் தரையைப் படமாகப் போடுங்கள், கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை. வடக்கைக் குறித்துவிடுங்கள், அடுப்பு அக்னி மூலையில்தான் வேண்டும் என்று வீட்டில் யாராவது கடைசி நேரத்தில் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். பிறகு ஒவ்வொரு சுவரையும் மூன்று உயரத்தில் அளக்க வேண்டும்: தரையோரம், மேடை மட்டம், தலைக்கு மேல் ஏழடியில். மூன்றும் ஒன்றாக வரும் சுவரைப் பார்ப்பது அரிது. இருப்பதில் சின்ன அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டி சிறிதாகிவிட்டால் ஓரத்தில் ஒரு பட்டை வைத்து மூடிவிடலாம். பெரிதாகிவிட்டால் சுவரைத்தான் கொத்த வேண்டும்.

அடுத்தது மூலை. 'எல்' வடிவ மேடை என்றால் இதை விடவே கூடாது. மூலையிலிருந்து ஒரு சுவரில் 900 மி.மீ., மறு சுவரில் 1200 மி.மீ. தள்ளிக் கோடு போடுங்கள். இரண்டு கோட்டுக்கும் குறுக்கே சரியாக 1500 வந்தால் மூலைமட்டம் சரி. கூடினால் மூலை விரிந்திருக்கிறது, குறைந்தால் உள்ளே ஒடுங்கியிருக்கிறது. கிரானைட் வெட்டுபவருக்கு இந்த ஒரு எண் போதும்.

சன்னல், கதவு நிலை, தூண், சுவிட்ச் பெட்டி எல்லாவற்றையும் ஒரே மூலையிலிருந்து டேப்பை எடுக்காமல் வரிசையாகக் குறியுங்கள். துண்டு துண்டாக அளந்து கூட்டினால் ஒவ்வொரு துண்டிலும் ஒரு நூல் பிசகும். சன்னலின் அடிமட்டம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதும், அந்தச் சன்னல் கதவு உள்பக்கம் திறக்கிறதா என்பதும் முக்கியம். தொட்டிக் குழாயில் இடிக்கும் சன்னலைப் பல வீட்டில் பார்த்துவிட்டேன். தண்ணீர் வரும் குழாய், கழிவுநீர் போகும் குழாய் இரண்டுக்கும் மூலையிலிருந்து ஒரு அளவு, தரையிலிருந்து ஒரு அளவு வேண்டும். அதிக மின்சாரம் இழுக்கும் சாமான்களுக்கான 16 ஆம்பியர் பாயிண்ட் எது என்பதையும் எழுதுங்கள்.

பழைய மேடையின் கீழே கடப்பா கல் தடுப்பு இருந்தால் ஒவ்வொரு அறையையும் முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை அளக்க வேண்டும். கொத்தனார் கல்லை நிறுத்தியபோது டிராயர் ஓடும் என்று யார் நினைத்தார்கள்?

பிறகு சாமான்கள். 14.2 கிலோ சிலிண்டரின் விட்டம் சுமார் 32 செ.மீ. ரெகுலேட்டர் மாட்டிய உயரத்தைத் தனியாக அளந்து, கை விட்டுத் திருக இடமும் சேருங்கள். கிரைண்டர் சாய்க்கும் வகை என்றால் சாய்த்து வைத்து அளக்க வேண்டும். பெரிய இட்லிப் பானை, அண்டா, பண்டிகைக்கு மட்டும் இறங்கும் முறுக்குச் சட்டி, இவற்றின் உயரத்தைக் கேட்டால் "அது பரணில் கிடக்கட்டும்" என்பார்கள். அப்படியானால் பரணையும் அளந்துவிடுங்கள்.

மேடை உயரத்தை மட்டும் சுவரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வழக்கமாக 32 முதல் 34 இன்ச் போடுவோம். ஆனால் தினமும் சமைப்பவரை நிற்க வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து அதில் நான்கைந்து இன்ச் கழித்துப் பாருங்கள். ஐந்தடி இருக்கும் அம்மாவுக்கும் ஆறடி இருக்கும் மகனுக்கும் விடை ஒன்றாக வராது. யார் அதிக நேரம் நிற்கிறார்களோ அவர்கள் அளவுதான் செல்லும். அந்தப் பேச்சை வீட்டுக்குள்ளேயே முடித்துவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள்.

இதெல்லாம் பிளானுக்கும் விலைக்கும் போதும். பலகை வெட்டுவதற்கான அளவு வேறு. டைல்ஸ் ஒட்டி, மேடைக் கல் உட்கார்ந்த பிறகு, வேலை செய்யப்போகிறவரையே வரச்சொல்லி மறுபடி எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் முன்பணம் கொடுக்கலாம்; வெட்டச் சொல்லாதீர்கள்.