நான்குவழிச் சாலையில் 40-ல் போகாமல் பெட்ரோல் மிச்சப்படுத்துவது எப்படி?

நான் ஆக்டிங் டிரைவர். வண்டியும் ஓனருடையது, பெட்ரோல் காசும் அவருடையது. தாம்பரம் தாண்டியதும் பாதிப் பேர் சொல்வது இதைத்தான்: “மெதுவாவே போங்க தம்பி, மைலேஜ் கிடைக்கட்டும்.” கேட்பதில் தப்பே இல்லை. எவ்வளவு மெதுவாக என்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை.

ஒரு தடவை திருச்சிக்குப் போகும்போது, உளுந்தூர்பேட்டை தாண்டி, இரவு 11 மணி இருக்கும். ஓனர் சொன்னார் என்று 40-ல் போய்க்கொண்டிருந்தேன். இடது லேன்தான். கண்ணாடியில் தூரத்தில் இரண்டு விளக்கு தெரிந்தது. அடுத்த முறை பார்த்தபோது கண்ணாடி முழுக்க வெளிச்சம். பின்னால் வந்த பஸ் சட்டென்று வலது பக்கம் வெட்டியது. அந்த லேனில் வந்த கார் மீடியனை உரசுகிற அளவுக்கு ஒதுங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வேப்பூர் வரை எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை. பஸ்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சாலையில் 40-ல் ஊர்ந்தது நான்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பின்னால் வருபவர் 90, நீங்கள் 40. நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர் நெருங்குகிறார். 100 மீட்டர் இடைவெளி 7 நொடியில் தீர்ந்துவிடும். இருட்டில் வெறும் சிவப்பு விளக்கை வைத்து, முன்னால் இருக்கும் வண்டி ஓடுகிறதா, ஊர்கிறதா என்று அவர் புரிந்துகொள்வதற்கே அதில் சில நொடி போய்விடும். நீங்கள் 70-ல் போனால் அதே 100 மீட்டருக்கு 18 நொடி கிடைக்கும். நிதானமாக இண்டிகேட்டர் போட்டு ஏறிப் போய்விடுவார்.

சரி, மிச்சம்தான் எவ்வளவு? நான் அடிக்கடி ஓட்டும் ஒரு பெட்ரோல் வேகன் ஆரில் டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிப் பார்த்திருக்கிறேன். 95-ல் விரட்டினால் லிட்டருக்கு 18. 70-ல் 22. 50-ல் 24. தாம்பரத்திலிருந்து திருச்சி 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 95-ஐ 70 ஆக்கினால் 3 லிட்டருக்கு மேல் மிச்சம். அதையே 50 ஆக்கினால் கூடுதலாக ஒன்றேகால் லிட்டர்கூட வராது, வழியில் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் கூடும். 40-க்கு இறங்கினால் டாப் கியர் திணறும், கியரைக் குறைக்க வேண்டிவரும், மைலேஜும் கூடவே இறங்கும். 45-லிருந்து 55-க்குள் ஓட்டுங்கள் என்று, எரிபொருள் சிக்கனத்துக்கான மத்திய அரசு அமைப்பான பிசிஆர்ஏ ரொம்ப காலமாகச் சொல்லி வருகிறது. ஊருக்குள்ளும் இருவழிச் சாலையிலும் அது நல்ல யோசனைதான். நான்குவழிச் சாலையில் நான் 70-க்குக் கீழே வேண்டுமென்று இறங்குவதில்லை.

அந்த 70-ஐ இடது லேனில் பிடியுங்கள். இடது லேனில் நின்றுபோன லாரி இருக்கும், எதிர்த்திசையில் பைக் வரும், அதனால் பார்வை தூரத்தில் இருக்கட்டும். ஆனால் இதற்குப் பயந்து வலது லேனில் மெதுவாகப் போவதுதான் மிகப் பெரிய ஆபத்து. எல்லோரும் உங்களை இடது பக்கமாக ஓவர்டேக் பண்ண ஆரம்பிப்பார்கள், அங்கேதான் பைக்காரர்கள் போவார்கள்.

பெட்ரோல் நிஜமாக மிச்சமாவது காலில்தான். விக்கிரவாண்டி டோல் தெரிந்ததும் கண்ணாடியைப் பார்த்துவிட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், வண்டி தானாகவே வேகம் குறையட்டும். கிட்டே போய் பிரேக்கை மிதித்தால், அதுவரை எரித்த பெட்ரோல் வீண். மேம்பாலம் இறங்கும்போது நியூட்ரலில் தள்ளாதீர்கள். இப்போதைய ஃபியூல் இன்ஜெக்‌ஷன் வண்டியில், கியரில் இருக்கும்போது காலை எடுத்தால் இன்ஜினுக்கு பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்குக் குடிக்கும், இன்ஜின் பிடிப்பும் போய்விடும். அப்புறம் டயர்க் காற்று. டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் அளவு இருக்கும், கிளம்பும் முன் டயர் சூடேறாதபோதே பார்த்துவிடுங்கள். லாரியின் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் காற்று தடுக்காது, மைலேஜ் கூடும் என்பார்கள். கூடும்தான், ஆனால் அவர் பிரேக் போட்டால் நமக்கு இடமே இருக்காது. தயவுசெய்து வேண்டாம்.

வண்டியில் கோளாறு, வேகமே எடுக்கவில்லை என்றால் ஹசார்ட் லைட் போட்டு இடது ஓரத்துக்கு வாருங்கள், முதல் சர்வீஸ் ரோட்டில் இறங்கிவிடுங்கள். கோளாறு இல்லாமல் மெதுவாகப் போவதற்காக ஹசார்ட் போட்டு ஓட்டாதீர்கள், நீங்கள் லேன் மாறுவது பின்னால் வருபவருக்குத் தெரியாது.

இப்போதெல்லாம் சாவி வாங்கும்போதே ஓனரிடம் சொல்லிவிடுகிறேன்: “சார், 70-ல போறேன், அதுக்கு மேல விரட்ட மாட்டேன். திருச்சில டேங்க் நிரப்பிக் கணக்குப் பார்த்துக்கலாம்.” இதுவரை யாரும் மறுக்கவில்லை.