தேயிலைத் தொழிற்சாலையில் சென்சர் பொருத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழுந்தை உருட்டும் ரோலர், உலர்த்தும் ட்ரையர், கொழுந்தை வாட்டும் தொட்டிக்குக் காற்றடிக்கும் ஃபேன் எல்லாவற்றுக்கும், பழுதை முன்கூட்டியே அறிய ஒரே வகை அதிர்வு சென்சரை வாங்கி ஒட்டுவதுதான் முதல் தவறு. ஹட்டனோ பண்டாரவளையோ, எந்தத் தொழிற்சாலையானாலும் இயந்திரத்தின் வேகத்தைப் பார்த்துத்தான் சென்சரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சாதாரண அதிர்வு சென்சர் 10 முதல் 1000 ஹேர்ட்ஸ் வரைதான் அளக்கும். நிமிடத்துக்கு 1440 சுற்றில் ஓடும் மோட்டருக்கு அது போதும். அங்கே அடிப்படை அதிர்வு 24 ஹேர்ட்ஸ். ரோலரின் கிராங்க் சுற்றுவதோ நிமிடத்துக்கு ஏறத்தாழ 45 தடவை, அதாவது 0.75 ஹேர்ட்ஸ். அது அந்தச் சென்சர் அளக்கும் எல்லைக்குக் கீழே. எனவே பெயரிங் (தண்டைத் தாங்கிச் சுழலவிடும் வளையம்) தேய்ந்து கிராங்க் ஆடத் தொடங்கினாலும் திரையில் பழுதில்லை என்ற பச்சைதான் தெரியும்.

ஆகவே ரோலரில் சென்சரை மோட்டரிலும் கியர் பெட்டிக்குள் நுழையும் தண்டின் பெயரிங் மேலும் வையுங்கள். கிராங்குக்கு மோட்டர் இழுக்கும் அம்பியரைப் பதிந்து வாருங்கள். வாரம் ஒருமுறை இயந்திரத்தை நிறுத்தி, டயல் கேஜ் (சிறு அசைவையும் முள்ளால் காட்டும் அளவி) வைத்து ஆட்டத்தை அளந்துகொள்ளுங்கள். அம்பியரை ஒப்பிடும்போது கொழுந்தின் எடையும் உருட்டும் நிமிடமும் ஒன்றாக இருக்க வேண்டும். மூடியை இறக்கி அழுத்தினால் சுமை தானாகவே ஏறும். அது பழுதல்ல.

வாட்டுத் தொட்டி ஃபேனில் வேறு சிக்கல். இதழ்களில் தூசும் பஞ்சும் படிந்தால் சமநிலை கெட்டு, ஃபேன் சுழலும் அதே அதிர்வெண்ணில் அதிர்வு ஏறும். அலாரம் அடித்ததும் பெயரிங்கைக் கழற்ற வேண்டாம். முதலில் இதழைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். மோட்டரின் வேகத்தை மாற்றும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருந்தால் எப்போதும் ஒரே வேகத்தில் அளக்க வேண்டும். சென்சரைத் தகரக் கவசத்தில் ஒட்டினால் தகரத்தின் அதிர்வுதான் பதிவாகும். பெயரிங் கூட்டின் பெயின்டைச் சுரண்டிவிட்டுத் திருகிப் பொருத்துங்கள்.

சூடு ஏறியதென்று கிறீஸை அடிப்பது மிகக் கெட்ட பழக்கம். மிதமிஞ்சிய கிறீஸே பெயரிங்கைச் சூடாக்கும். எவ்வளவு கிறீஸ் சேர்ப்பது என்று அறிய, பெயரிங்கின் வெளி விட்டத்தையும் அகலத்தையும் மில்லிமீற்றரில் பெருக்கி 0.005ஆல் பெருக்குங்கள்; விடை கிராமில் வரும். 6309 என்ற எண் கொண்ட பெயரிங்குக்கு 100 × 25 × 0.005, அதாவது 12.5 கிராம். உங்கள் கிறீஸ் கன் ஒரு தள்ளலுக்கு எத்தனை கிராம் தருகிறது என்று தராசில் ஒருமுறை நிறுத்துக்கொள்ளுங்கள். தேயிலையில் படக்கூடிய இடங்களுக்கு உணவுத் தரக் கிறீஸ் மட்டுமே. பழையதோடு வேறு வகைக் கிறீஸைக் கலந்தால் இரண்டும் இளகி ஓடிவிடக்கூடும்.

வெப்பக் கமெராவை மின்பலகையின் மினுங்கும் செப்புப் பட்டையில் நேராகக் காட்டினால் உள்ளதைவிடக் குறைந்த சூட்டையே சொல்லும். மின்சாரத்தை நிறுத்திய நேரத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டிவிட்டு, பிறகு சுமையோடு ஓடும்போது அதைப் பாருங்கள். மூன்று ஃபேஸையும் ஒப்பிட்டால்தான் தளர்ந்த இணைப்பு தெரியும்.

தகரக் கூரையும் இரும்புச் சட்டங்களும் வைஃபையை மறைக்கும். இணைப்பு அறுந்தாலும் பதிவைத் தன்னிடமே சேமிக்கும் கருவியை வாங்குங்கள்.

கழற்றிய பெயரிங்கைக் குப்பையில் போட்டுவிடுவதும் தவறுதான். வெளி வளையத்தை வெட்டிப் பார்த்து, கண்டதை அலாரம் அடித்த திகதியோடு எழுதி வையுங்கள். துரு இருந்தால் ஈரம் புகுந்திருக்கிறது, சீலைப் பாருங்கள். ஓடுபாதையில் சம இடைவெளியில் குறுக்கு வரிகள் விழுந்திருந்தால் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியிலிருந்து மின்சாரம் பெயரிங் வழியே பாய்ந்திருக்கக்கூடும். அப்படியானால் மோட்டர் தண்டுக்கு எர்த் பிரஷ் (தண்டைத் தொட்டபடி மின்சாரத்தை நிலத்துக்குக் கடத்தும் பிரஷ்) போடாமல் புதிய பெயரிங்கை மாட்டாதீர்கள்.