கொக்கை வரைந்து பழகுவோம்: நீர்வர்ணத்தில் ஒரு தரம், அக்ரிலிக்கில் ஒரு தரம்

ஆகஸ்ட் விடுமுறை முகாமில் மட்டக்களப்பு, கல்லடி வாவிக் கரையில் பிள்ளைகளை இருத்தி நான் கொடுக்கிற முதல் பாடம் இதுதான். வாவி, பின்னால் 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலம், முன்னால் ஒரு வெள்ளைக் கொக்கு. இதை நீர்வர்ணத்தில் ஒரு தரமும் அக்ரிலிக்கில் ஒரு தரமும் வரையுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கொக்கிலேயே விளங்கிவிடும்.

முதலில் சாமான்கள். நீர்வர்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 300 கிராம்) தடித்த கடதாசி வேண்டும். சாதாரண சித்திரக் கொப்பித் தாள் தண்ணீர் பட்டதும் சுருளும், தேய்த்தால் திரள் திரளாகக் கிளம்பும். பிள்ளையோ தன் கையில்தான் பிழை என்று நினைத்து மனம் விட்டுவிடும். அது எனக்குப் பொறுக்காது. மிச்சம் பிடிப்பதென்றால் வர்ணத்தில் பிடியுங்கள். அல்ட்ராமரீன் நீலம், பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு, மஞ்சள் மூன்றும் போதும். அக்ரிலிக்குக்கு மட்டும் வெள்ளையும் வேண்டும். 8ஆம் இலக்க வட்டத் தூரிகை, ஒரு தட்டைத் தூரிகை, தண்ணீருக்கு இரண்டு பேணி, பழைய துணி.

சரி, நீர்வர்ணம். கடதாசியின் நான்கு ஓரத்தையும் மாஸ்கிங் டேப்பால் பலகையில் ஒட்டி, பென்சிலால் மெல்லக் கோடு போடுங்கள். கொக்கைக் கவனமாக வரையுங்கள், அதன்மேல் வர்ணமே படக்கூடாது. இங்கே வெள்ளை என்பது கடதாசிதான்.

கொக்கை விட்டு மற்ற இடமெல்லாம் சுத்தத் தண்ணீரால் நனைத்து, பலகையைச் சரித்துப் பாருங்கள். தண்ணீர் தேங்கி நின்றால் பொறுங்கள். ஈரச் சீலைபோல் ஒரே சீராக மினுங்கும்போது நீலத்தை மேலே தொட்டு வையுங்கள். அது தானாகப் பரவி, கீழே வர வர வெளிறும். காய்ந்தால் இன்னும் வெளிறும், அதனால் கொஞ்சம் கடுமையாகவே வையுங்கள். வறண்ட கச்சான் காற்று அடிக்கிற நாளில் இந்த மினுக்கம் சட்டென்று போய்விடும். பாதி காய்ந்த இடத்தில் ஈரத் தூரிகை பட்டால் பூக்கோவா விரிந்த மாதிரிக் கறை விழும். அதனால்தான் வானத்தைக் காலை எட்டு மணிக்கு முன்னமே முடிக்கச் சொல்கிறேன்.

பிறகு புறங்கையால் தாளைத் தொடுங்கள். குளிர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. நன்றாகக் காய்ந்த பின்தான் பாலம். நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் இரும்புக்கு ஏற்ற கருஞ்சாம்பல் வரும்.

அக்ரிலிக் நேர்மாறு. காய்ந்ததும் பிளாஸ்டிக் படலமாகிவிடும், மறுபடி தண்ணீரில் கரையாது. ஆகவே தட்டில் ஈர டிஷ்யூ விரித்து, அதன்மேல் எண்ணெய்த்தாள் வைத்து, அதில் வர்ணத்தைப் பிதுக்குங்கள். தூரிகையை வெளியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். போன முகாமில் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதற்குள் ஒரு நல்ல தூரிகை கல்லாகிவிட்டது.

இங்கே கொக்குக்கு இடம் விட வேண்டியதில்லை. வானம், தண்ணீர், பாலம் எல்லாவற்றையும் தயங்காமல் பூசுங்கள். பத்து, பதினைந்து நிமிடத்தில் காய்ந்துவிடும். பிழைத்த இடத்தின் மேலேயே திரும்பப் பூசலாம். பயந்த பிள்ளைக்கு இதைப்போல் தைரியம் தருவது வேறில்லை. கடைசியில், தண்ணீர் கலக்காத வெள்ளையைத் தூரிகை நுனியில் தடிப்பாக எடுத்து, கழுத்திலிருந்து வால்வரை ஒரே இழுப்பில் கொக்கை வையுங்கள். சிறகின் கீழே வெள்ளையோடு துளி நீலம். அலகுக்கு மஞ்சள், காலுக்குப் பாலத்தின் அதே கருமை.